மூக்கு வண்டிக்கு ஒரு கியர்பாக்ஸ்

பட்டறைத் தரையில் சாக்கு விரித்து இரண்டு கியர்பாக்ஸ்களை இறக்கி வைத்திருந்தார்கள். ஒன்று கல் குவாரி டிப்பரிலிருந்து கழற்றியது. வார்ப்பிரும்பு. நான்கு பேர் பிடித்து, நடுவில் இரண்டு தடவை கீழே வைத்து, கெட்ட வார்த்தை சொல்லித்தான் அதைக் கொண்டுவர முடிந்தது. மற்றது நெடுந்தூர பஸ் ஒன்றில் இருந்தது. அலுமினிய உடம்பு. பார்க்க அடக்கமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் மாதிரி உக்காந்திருக்கீங்களே அண்ணே. யார் வீட்டுக்குப் போறதுன்னு தெரியலயா?" என்றான் மெக்கானிக்.

மெக்கானிக்குக் கூப்பிடு பெயர் ரேடியோ. வாய் ஓயாது. வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போதும் பேசுவான். வாயில் திருகாணியைக் கவ்விக்கொண்டிருக்கும்போது மட்டும் கொஞ்சம் குழறும். டிரைவருக்கு அவனைப் பிடித்ததற்குக் காரணம் அதுதான். மற்றவர்கள் ஏதாவது சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள். ரேடியோ காத்திருக்க மாட்டான். தலையை ஆட்டினால் போதும்.

வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே லாரி நின்றது. முன்பக்கம் நீண்ட பானெட் வைத்த அந்தக் காலத்து வண்டி. அந்த வட்டாரத்தில் அந்த மாதிரி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான் என்பதால் எல்லாரும் அதை மூக்கு வண்டி என்பார்கள். ஓடிக்கொண்டிருந்தது என்றால், போன வருஷம் வரை. ஒரு மத்தியானம் சமதரை ரோட்டில் போகும்போது இன்ஜினுக்குள் கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அந்த இன்ஜினுக்கு இனிமேல் பாகம் கிடைக்காது. அலைந்து திரிந்து, விபத்தில் நசுங்கிய பஸ் ஒன்றின் டர்போ இன்ஜினைப் பிடித்து வந்திருந்தார்கள். அது இப்போது செயின் பிளாக்கில் கட்டி, பானெட்டுக்குள் பாதி இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய இன்ஜினைப்போல இரண்டு மடங்கு இழுக்கும். வண்டியின் பழைய கியர்பாக்ஸ் அந்த இழுப்பைத் தாங்காது. முதல் மேட்டிலேயே பல் கொட்டிவிடும்.

"நான் சொல்லவேண்டியதைச் சொல்லிட்டேன்" என்றான் ரேடியோ. சொன்னதை மறுபடியும் சொன்னான். "டிப்பர் பாக்ஸ் மலையைக் கட்டி இழுத்தாலும் இழுக்கும். ஆனா அதுல சிங்க்ரோ கிடையாது. ஒவ்வொரு கியருக்கும் ரெண்டு தடவை கிளட்ச் மிதிக்கணும், இன்ஜின் சத்தத்தைக் கேட்டு சரியான நேரத்துல போடணும், இல்லாட்டி கறகறன்னு கத்தும். பஸ் பாக்ஸ்ல அந்தத் தொல்லையே இல்ல. தள்ளுனா விழுந்துடும். இதே இன்ஜினோட பிறந்தது அண்ணே அது. நீங்க ஏத்தறது மூட்டை. மூட்டைக்கு எதுக்குக் கல்லு வண்டி பாக்ஸ்?"

டிரைவர் கிளாஸைக் கீழே வைத்தார். "டிப்பர் பாக்ஸையே மாட்டு."

"ஏன்னு ஒரு காரணம் சொல்லுங்க."

"கெட்டி."

"கெட்டின்னா ரோடு ரோலரை வாங்கி ஓட்டுங்க!"

டிரைவர் தலையை ஆட்டினார்.

அவருக்கு ஒரு காது முழுதாகப் போய்விட்டது. மறு காதில் பாதிதான் இருக்கிறது. மூக்கு வண்டியில் இன்ஜின் காலுக்கு முன்னாலேயே கத்தும்; அத்தனை வருஷம் கத்தினால் யாருக்கும் போகும். இது ரேடியோவுக்குத் தெரியாது. சரக்கு ஏற்றிவிடும் ஏஜென்டுகளுக்குத் தெரியாது. தெரிந்தால் ஒருவனும் சரக்கு கொடுக்க மாட்டான். தெரிந்தது அவர் மனைவிக்கு மட்டும்.

அவள் முதலில் வண்டியில் ஏறியது திருடனைப் பிடிக்க. அப்போதிருந்த கிளீனர் டீசலை உறிஞ்சி விற்றுக்கொண்டிருந்தான். அவனைத் துரத்திவிட்டு, வேறு ஆள் கிடைக்கும் வரை ஒரு நடை கூட வருகிறேன் என்று ஏறினாள். அதற்குப் பிறகு இறங்கவில்லை. பிள்ளைகள் இல்லை. வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று இரண்டு பேருமே கேட்டுக்கொண்டார்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கி நின்று கை காட்டினாள், தார்ப்பாய் கட்டினாள், ரோட்டோரத்தில் ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்தாள்.

வண்டியின் பழைய பாக்ஸும் சிங்க்ரோ இல்லாததுதான். பல்லும் பல்லும் ஒரே வேகத்துக்கு வருகிற கணத்தில் போட்டால்தான் கியர் விழும். அந்தக் கணத்தை இன்ஜினின் சத்தம் சொல்லும். அவர் காது மந்தமாக மந்தமாக, கியர் கத்த ஆரம்பித்தது. ஒரு நாள் அவர் கை லிவர்மேல் இருந்தபோது, புறங்கையில் அவள் ஒரு விரலால் தட்டினாள். போட்டார். சத்தமில்லாமல் விழுந்தது. மறுநாளும் தட்டினாள். அப்படியே வழக்கமாகிவிட்டது. அவள் கேட்பாள், தட்டுவாள், அவர் போடுவார். அதைப்பற்றி அவர்கள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. தூரத்திலிருந்து பார்த்த டிரைவர்கள், வயசான காலத்தில் கையைத் தொட்டு விளையாடுகிறார்கள் என்று கேலி செய்தார்கள். இவர்களும் சிரித்துக்கொண்டார்கள்.

வண்டி நின்றதும் அவள் மாணவர் விடுதி ஒன்றின் சமையலறைக்கு வேலைக்குப் போனாள். வண்டி தயாராகும் வரைக்கும் என்றுதான் பேச்சு.

டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேலே இருந்தது அவர்கள் அறை. ரப்பர் வேகிற வாசனை சுவரிலேயே ஊறியிருந்தது. அன்று சாயங்காலம் அவள் ஈரத்தலையோடு வந்தாள். வழியில் மழை. கையில் விடுதியில் மிஞ்சிய சோறும் அவித்த முட்டையும். புடவையைப் பிழிந்துகொண்டே சிரித்தாள்.

"என்ன?" என்றார்.

"குண்டக்கா இன்னிக்கு வார்டனை அண்டான்னு நினைச்சு…" மீதி அவருக்குக் கேட்கவில்லை. அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பேசினாள். உதடு தெரியவில்லை. அவள் சிரித்து முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு அவரும் சிரித்தார்.

தட்டை வைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"பாக்ஸ் வந்துடுச்சா?" என்று உரக்கக் கேட்டாள். வீட்டில் எதைச் சொன்னாலும் உரக்கத்தான் சொல்லவேண்டும். கீழே டயர் கடை ஆட்கள் இவர்கள் தினமும் சண்டை போடுவதாக நினைத்திருந்தார்கள்.

"வந்துடுச்சு. ரெண்டு."

"எது எது?"

"ஒண்ணு டிப்பரோடது. ஒண்ணு பஸ்ஸோடது."

"எதை மாட்டறீங்க?"

"டிப்பரோடதை."

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"அதுல சிங்க்ரோ இருக்கா?"

வேறு எந்தப் பெண் அப்படிக் கேட்பாள் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது. அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை என்பதும் உண்மை. "இல்ல" என்றார். "இதுவரைக்கும் என்ன சிங்க்ரோ வச்சா ஓட்டுனோம்?"

"பஸ்ஸோடதுல இருக்குமே."

"அது தகர டப்பா. தாங்காது."

"ரேடியோ சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கீழே கடையில் மெஷினை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேர் மழைக்காக ஜன்னலுக்கு நேர் கீழே ஒதுங்கி நின்றார்கள். சொல்லவேண்டியதை மெல்லச் சொன்னால் அவருக்குக் கேட்காது. உரக்கச் சொன்னால் தெருவுக்கே கேட்கும். முட்டையை இரண்டாகப் பிட்டுப் பெரிய பாதியை அவர் தட்டில் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை லீவு. நான் பட்டறைக்கு வரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. அவள் வருவதைப் பார்த்ததும் ரேடியோ வண்டிக்கு அடியிலிருந்து மல்லாந்தபடியே வெளியே வந்தான்.

"வாங்க அண்ணி! இந்த மனுஷனுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்க. கல்யாணமாகாத எனக்கே இவர்கூடக் குடும்பம் நடத்தற மாதிரி இருக்கு. பேசறேன், பேசறேன், பதிலே இல்ல."

"குடும்பம்னா அப்படித்தான்" என்றாள்.

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு பாக்ஸ்களையும் சுற்றி வந்தாள். குனிந்து டிப்பர் பாக்ஸின் மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தாள். எண்ணெயில் விரலை விட்டு, இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாள். துகள் எதுவும் படவில்லை.

"இது நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இல்லேன்னு நான் சொல்லவே இல்லயே அண்ணி. இவரு ஏத்தற சரக்குக்குத் தேவையில்லேன்னுதான் சொல்றேன். டாப் கியரும் இதுல மட்டம். நம்ம வண்டியோட பின் அச்சுக் கிரவுன் ஏற்கெனவே மெதுவானது. இதையும் சேர்த்தா இன்ஜின் கத்து கத்துன்னு கத்தும், வண்டி நகராது. பின்னாடி வர்றவனெல்லாம் நம்ம அம்மாவையும் அக்காவையும் இழுப்பான். பஸ் பாக்ஸ்ல மேல ஒரு ஓவர்டிரைவ் இருக்கு. இன்ஜின் மெல்லச் சுத்தும், வண்டி ஓடும். என்ன, பாக்ஸைத் தாங்கற கிராஸ் மெம்பரைக் கொஞ்சம் பின்னால தள்ளணும், ஷாஃப்டை வெட்டணும். அது என் வேலை."

"லோடு தாங்குமா?"

"மூட்டை தாங்கும். கல்லு ஏத்தினா பேரிங் போயிடும். கல்லு ஏத்தப் போறீங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

அவள் பஸ் பாக்ஸைக் காட்டினாள். "இதுல கியர் போட இன்ஜின் சத்தம் கேக்கவேண்டாமா?"

"எதுக்கு அண்ணி? செவிடன்கூட ஓட்டலாம்!" என்று சொல்லிச் சிரித்தான் ரேடியோ.

டிரைவர் கொஞ்சம் தள்ளி நின்று பானெட்டின் கொக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவன் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. ரேடியோ சிரித்தது தெரிந்தது. அவள் சிரிக்காததும் தெரிந்தது. வழக்கம்போலத் தலையை ஆட்டினார்.

அவள் அவரைப் பார்த்தாள். "வண்டிக்குள்ள ஏறுங்க" என்று கையால் காட்டினாள்.

அவர் தம் பக்கம் ஏறினார். அவள் தன் பக்கம் ஏறினாள். நெடுநாள் பூட்டிக் கிடந்த கேபினுக்குள் எலிப்புழுக்கை நாற்றம். கதவை இழுத்துச் சாத்தினாள், கண்ணாடியை ஏற்றினாள், அவர் பக்கக் கண்ணாடியையும் ஏற்றச் சொன்னாள். வெயிலில் உள்ளே கொதித்தது. வெளியே ரேடியோ வாயசைத்துக்கொண்டிருந்தான், ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கும்தான் கேட்கவில்லை.

அவள் அவர் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"டிப்பர் பாக்ஸை மாட்டினா யாரு கேட்டுச் சொல்றது?"

அந்த விஷயம் முதல் தடவையாக வார்த்தையாக வந்தது. அவருக்குக் காது மடல் சூடாயிற்று.

"ஏன், நீ இல்லயா?"

"நான் வரல."

"எத்தனை நாளைக்கு?"

"நான் வரலங்க."

அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். இன்ஜின் இன்னும் சங்கிலியில்தான் தொங்கியது, கியர் இல்லை, லிவர் இருந்த இடத்தில் ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. ஆனாலும் பிடித்துக்கொண்டார்.

"என்ன குறை வச்சேன்?"

"குறை ஒண்ணும் இல்ல."

"அப்புறம்?"

"விடுதியில எல்லாரும் பேசறாங்க. நானும் பேசறேன். உருளைக்கிழங்கு உரிக்கும்போது பேசறோம், பாத்திரம் கழுவும்போது பேசறோம். ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. யார் மருமக ஓடிப்போனா, யாருக்கு மூட்டு வலி, அவ்வளவுதான். நான் ஒண்ணு சொன்னா குண்டக்கா ஒண்ணு சொல்றா. மறுநாள் அதை ஞாபகம் வச்சுக் கேக்கறா."

"நான் பேசலேன்னு சொல்றியா? இந்த வண்டிச் சத்தத்துல யாரு பேச முடியும்?"

"அதைத்தான் சொல்றேன்." அவள் முகத்தில் வியர்வை ஓடியது. துடைக்கவில்லை, துடைத்தால் உதடு மறையும் என்று இருக்கலாம். "இத்தனை வருஷம் உங்களுக்குக் காதா இருந்தேன். எனக்கு வாயும் இருக்குன்னு அங்க போனப்புறம்தான் தெரிஞ்சுது."

அவர் முன்கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடி பூராவும் தூசி. வைப்பர் போன வழி மட்டும் விசிறிபோலத் தெளிவாக இருந்தது.

"டிப்பர் பாக்ஸ்தான் கெட்டி" என்றார் கடைசியில்.

"எனக்குத் தெரியும் நீங்க ஏன் அதைக் கேக்கறீங்கன்னு."

"என்ன தெரியும்?"

"நான் இல்லாம அதை ஓட்ட முடியாது. அதான் வேணும்ங்கறீங்க."

அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"அதை மாட்டிட்டு, பாவம் பாத்து நான் ஏறுவேன்னு காத்துட்டிருப்பீங்க. நானும் பாவம் பாத்து ஏறிடுவேன்" என்றாள். "ஏறினப்புறம் உங்களைத் திட்டிக்கிட்டே வருவேன். உங்களுக்குக் கேக்காது. எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கும்."

ரேடியோ கண்ணாடியைத் தட்டினான். உள்ளே எட்டிப் பார்த்து, வெந்துபோவீர்கள் என்பதுபோல் சைகை காட்டினான். டிரைவர் கண்ணாடியை இறக்கினார். காற்று உள்ளே வந்தது.

"என்ன அண்ணே, முடிவு பண்ணியாச்சா? இல்ல உள்ளயே குடித்தனம் வச்சுட்டீங்களா?"

டிரைவர் அவன் உதட்டைப் பார்த்தார். "பஸ் பாக்ஸையே மாட்டு" என்றார்.

"நான் ஒரு வாரமா கரடியாக் கத்தறேன், கேக்கல. அண்ணி ஒரு வார்த்தை சொன்னா கேக்குது!"

அவள் தன் பக்கக் கதவைத் திறந்து இறங்கினாள். படியில் கால் வைத்து, பிறகு டயரில் வைத்து, பிறகு தரையில். எத்தனையோ ஆயிரம் தடவை இறங்கிய மாதிரிதான் இறங்கினாள்.

அதற்குப் பிறகு வேலைதான். பாக்ஸைப் பொருத்தும் பட்டை லேத்தில் கடைந்து வந்தது. கிராஸ் மெம்பரை அறுத்துப் பின்னால் தள்ளி வெல்டு வைத்தார்கள். ஷாஃப்டை வெட்டிச் சுருக்கி, சுற்றிப் பார்த்தபோது ஆடியது. மறுபடி கழற்றி மறுபடி வைத்தார்கள். இன்ஜினையும் பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கின் கடைசி போல்ட் மட்டும் கைக்கு எட்டவில்லை. ரேடியோ தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அதை முடுக்கினான். தொங்கும்போதும் பேசினான். டிரைவர் டார்ச் பிடித்தார். அவருக்கு வேலை பிடித்துத்தான் இருந்தது. வேலை இருக்கும்போது யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். டிப்பர் பாக்ஸைக் கொடுத்திருந்த இரும்புக்கடைக்காரர் அதைத் திரும்ப எடுத்துப்போனார். அதே நான்கு பேர், அதே வார்த்தைகள்.

சோதனை ஓட்டத்துக்கு ரேடியோவும் ஏறினான். ஊரைச் சுற்றி ஒரு வட்டம் வரும்வரை பாக்ஸின் பெருமையைப் பேசினான். கேட்காத காதின் பக்கமாக உட்கார்ந்திருந்தான். கியர் தள்ளினால் விழுந்தது. மிதிக்க ஒரே மிதி. அவ்வளவு சுலபமாக இருந்ததில் டிரைவருக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

முதல் சரக்கு பிளாஸ்டிக் குடங்கள். கனமே இல்லை, தார்ப்பாய் கட்டுவதுதான் பாடு. கயிற்றின் மறுமுனையை வாங்கிக் கட்ட ஆள் இல்லாமல் அவரே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினார். சுமை ஏற்றியவர்களில் ஒருவன் பின்னாலிருந்து ஏதோ கேட்டான். பதில் வராததைப் பார்த்து இன்னொருவனிடம், "வண்டி பழசானாலும் திமிர் குறையலடா" என்றான்.

அன்று காலையில் அவளும் அவரும் ஒன்றாகத்தான் படி இறங்கினார்கள். அவள் விடுதிப் பக்கம் போனாள். "போன் பண்ணுங்க" என்று காதருகில் சொல்லிவிட்டுப் போனாள்.

வழியில் எப்போதும் நிறுத்தும் கடையில் நிறுத்தினார். டீ போடும் பெண் எட்டி வண்டியைப் பார்த்தாள்.

"அக்கா தூங்கறாங்களா?"

"வரல. வேலைக்குப் போறா."

அவள் இன்னும் ஏதோ கேட்டாள். கெட்டில் சத்தம்.

"சர்க்கரை கம்மியா" என்றார் அவர்.

அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனால் சர்க்கரையைக் குறைத்தாள்.

மத்தியானத்துக்கு மேல் மலையேற்றம் வந்தது. பழைய வண்டிகள் வாயில் நுரை தள்ளும் இடம். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற இரண்டு முறையாவது நிற்பார்கள். இன்று நிற்கவில்லை. டர்போ இழுத்தது. வளைவில் குறைத்தார், விழுந்தது. வளைவு நிமிர்ந்ததும் கூட்டினார், விழுந்தது. முன்னால் போன இரண்டு லாரிகளைத் தாண்டினார். வாழ்நாளில் அந்த மேட்டில் அவர் யாரையும் தாண்டியதில்லை. உச்சிக்கு வந்து சேர்ந்தபோது வெயில்கூட இறங்கவில்லை. வண்டியை ஓரம் கட்டினார். பொழுது நிறைய மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இன்ஜினை அணைத்தார். போனை எடுத்து, பாதி கேட்கும் காதில் அழுத்தி வைத்துக்கொண்டார். மறுமுனையில் பாத்திரங்கள் உருண்டன. பல பெண்கள் ஒரே நேரத்தில் பேசிச் சிரித்தார்கள்.

"ஏறிட்டேன்" என்றார். "நிக்கவே இல்ல. ஒரே மூச்சு."

அவள் பேசினாள். நிறையப் பேசினாள். அவள் குரல் என்பது தெரிந்தது, ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது. ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. போனை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கீழே விட்டுவந்த லாரிகள் ஒவ்வொன்றாக மேலேறி வந்து அவரைத் தாண்டிப் போயின.

அவள் நிறுத்தினாள். ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்று பட்டது.

"சரி" என்றார்.